கோப்பை யாருக்கு? முன்கணிப்புகளைப் பற்றி ஒரு திறனாய்வு

கோடை விடுமுறை முடிந்து கல்லூரிகள் திறந்ததும், ஆம்பூர்ப் பக்கத்தில் கால்பந்துப் பேச்சும் திறந்துவிடும். தேநீர்க் கடைப் பெஞ்சிலும், தோல் தொழிற்சாலை வாயிலிலும், மாலையில் மைதானத்து ஓரத்திலும் ஒரே கேள்விதான்: “இந்த வருஷம் கப் யாருக்கு?” கேட்டவர் வாய் மூடுமுன் பதிலும் வந்துவிடும். “இதிலென்ன சந்தேகம்? போன வருஷம் ஜெயித்தவங்களுக்குத்தான்!”

பாலாற்றங்கரையை ஒட்டிய இந்தத் தோல் வட்டாரத்தில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. வேலூர் ஊரிசு கல்லூரி 1898லும், வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919லும், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951லும், மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965லும், ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் கல்லூரி 1969லும் தோன்றியவை. முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்த இப்பகுதிக் கல்லூரிகள், 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தோன்றிய பின் அதன் கீழ் வந்தன. பெருநகரக் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் இவற்றின் அணிகள் சிறியவை. ஆனால் இவற்றைப் பற்றிய முன்கணிப்புகள் சிறியவை அல்ல!

நாவலையும் திரைப்படத்தையும் திறனாய்வு செய்கிறோம். ஊரெல்லாம் நம்பும் இந்த முன்கணிப்பையும் ஒருமுறை அறிவியலின் உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் என்ன? எந்தக் கல்லூரி வெல்லும் என்று சொல்வது நம் நோக்கமன்று. “இது வெல்லும்” என்ற சொல்லுக்கு எவ்வளவு பொருள் உண்டு என்று காண்பதே நோக்கம்.

முன்கணிப்பின் மூன்று குறைகள்

இத்தகைய கணிப்புகளைச் சற்று கூர்ந்து கேளுங்கள். மூன்று குறைகள் புலப்படும். முதலாவதாக, அவற்றில் பெயர் இருக்கும், எண் இராது. “நிச்சயம்” என்பார்கள், நூற்றுக்கு எவ்வளவு நிச்சயம் என்று சொல்லமாட்டார்கள். இரண்டாவதாக, சென்ற ஆண்டின் முடிவு ஒன்றே அவற்றுக்கு அடிப்படை. மூன்றாவதாக, போட்டிகள் முடிந்தபின் கணிப்பு சரியா தவறா என்று எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. பலித்தால் “நான் அப்போதே சொன்னேனே!” என்பார்கள், பலிக்காவிட்டால் நடுவரையோ மழையையோ குறை கூறுவார்கள்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எண்ணிப் பார்த்தால் என்ன தெரியும்?

கால்பந்தில் கோல் என்பது அரிதாக நிகழ்வது. தொண்ணூறு நிமிடம் இருபத்திரண்டு பேர் ஓடியும் இரண்டு மூன்று கோல்களே விழுகின்றன. அரிதாகவும் தற்செயலாகவும் நிகழ்பவற்றைக் கணக்கிட ஒரு வழியை ஃபிரெஞ்சுக் கணிதவியலாளர் பாய்சான் 1837இல் வெளியிட்டார். 1898இல் போர்ட்கீவிச் என்பவர், பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் ஆண்டுவாரி எண்ணிக்கை இந்த விதிக்குப் பொருந்துவதைக் காட்டினார். 1982இல் மேஹர் என்ற புள்ளியியலாளர், ஒவ்வோர் அணியின் தாக்கும் வலிமையையும் தடுக்கும் வலிமையையும் கணக்கில் கொண்டால், கால்பந்துக் கோல்களுக்கும் இவ்விதி பெருமளவு பொருந்தும் என்று காட்டினார்.

அந்த விதியைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போடுவோம். ‘அ’ என்ற அணி வலியது. ‘ஆ’ என்பதற்கு எதிராகச் சராசரியாக 1.5 கோல் அடிக்கக்கூடியது. ‘ஆ’ சராசரியாக 1 கோல் அடிக்கும். ஒன்றரை மடங்கு வித்தியாசம் என்பது சிறிதன்று. ஆனால் அத்தகைய ‘அ’ ஒரு கோலும் அடிக்காமலே ஆட்டத்தை முடிக்கும் வாய்ப்பு 100க்கு 22 ஆகும். முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்தால், ‘அ’ வெல்லும் வாய்ப்பு 100க்கு 49, சமநிலை 26, ‘ஆ’ வெல்லும் வாய்ப்பு 25. அதாவது, ஒன்றரை மடங்கு வலிய அணி தொண்ணூறு நிமிடத்துக்குள் வெல்வது பாதி ஆட்டங்களில்கூட இல்லை!

சமநிலையை டைபிரேக்கர் மூலம் தீர்த்து, அதில் இருவருக்கும் சம வாய்ப்பு என்று கொண்டால், ‘அ’ முன்னேறும் வாய்ப்பு 100க்கு 62 ஆகிறது.

இனி, பதினாறு அணிகள் கலந்துகொள்ளும், தோற்றால் வெளியேறும் முறைப் போட்டியை எடுத்துக்கொள்வோம். கோப்பையைப் பெற நான்கு ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்ல வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் எதிரணி ‘ஆ’வைப் போன்றதே என்று கொள்வோம். 0.62ஐ நான்கு முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.15 கிடைக்கும். அதாவது ஏழு ஆண்டுகளில் ஓராண்டு கோப்பை. ஆறு ஆண்டுகள் ஏமாற்றம்.

அப்படியானால் ‘அ’வைச் சுட்டியது தவறா? தவறில்லை. எல்லா அணிகளும் சமமானால் ஒவ்வொன்றுக்கும் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 100க்கு 6 வாய்ப்பே உண்டு. ‘அ’வுக்கு 15 இருக்கிறது. பெயரைச் சொன்னது சரி. “நிச்சயம்” என்றதே பிழை.

இங்கிலாந்தில் நடந்த வாதம்

இதே விஷயத்தில் இங்கிலாந்தில் ஒரு சுவையான வாதம் நடந்தது. சார்லஸ் ரீப் என்பவர் விமானப் படையில் கணக்கராக இருந்தவர். 1950 முதல் கால்பந்து ஆட்டங்களைக் கையில் பென்சிலோடு பார்த்து, ஒவ்வொரு பாஸையும் குறித்து வந்தார். பெஞ்சமின் என்ற புள்ளியியலாளருடன் சேர்ந்து 1968இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இந்த ஆட்டத்தில் தற்செயலே ஆட்சி செலுத்துகிறது என்று முடித்தது.

ஹில் என்ற மற்றொரு புள்ளியியலாளர் இதை ஏற்கவில்லை. 1974இல் அவர் செய்த சோதனை மிக எளிமையானது. சீசன் தொடங்குமுன் கால்பந்து நிபுணர்கள் எழுதிய தரவரிசையை எடுத்தார். சீசன் முடிந்தபின் வந்த உண்மைத் தரவரிசையோடு ஒப்பிட்டார். இரண்டுக்கும் இடையே தெளிவான தொடர்பு இருந்தது. எல்லாம் தற்செயலானால் நிபுணரின் சொல் இந்த அளவு பொருந்தியிராது அல்லவா? ஆகவே திறமைக்கு இடம் உண்டு என்றார்.

இருவரில் யார் சொன்னது சரி? இருவருமே! இங்கிலாந்தின் முதல் பிரிவில் அக்காலத்தில் 22 அணிகள் இருந்தன. ஒவ்வொன்றும் 42 ஆட்டங்கள் ஆடியது. ஓர் ஆட்டத்தில் தற்செயலின் கை ஓங்கும். நாற்பத்திரண்டு ஆட்டங்களில் அது தேய்ந்து, திறமை மேலே வரும். நம் கல்லூரி அணிக்குக் கிடைப்பதோ ஒன்று முதல் நான்கு ஆட்டங்கள். நாற்பத்திரண்டு ஆட்டங்களுக்குப் பொருந்தும் உறுதியை நாலு ஆட்டங்களுக்குச் சொல்வது, ஒரு தூறலைக் கண்டு அவ்வாண்டின் மழையளவைச் சொல்வது போன்றதாகும்.

சென்ற ஆண்டின் அணி எங்கே?

அடுத்த குறைக்கு வருவோம். பட்டப் படிப்பு மூன்றாண்டு. ஆண்டுதோறும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள் வெளியேறுகிறார்கள். பதினெட்டு பேர் கொண்ட அணியில் ஆறு பேர் போய்விடுவார்கள். அவர்களும் மூத்தவர்கள், பழகியவர்கள். கல்லூரியின் பெயரும் சட்டையின் நிறமும் அப்படியே இருக்கின்றன. உள்ளே இருக்கும் கால்கள் வேறு. நாம் கணிப்பது சட்டையையா, கால்களையா?

தோல் மண்டியில் சரக்குப் பார்ப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மயிரோடு இருக்கும் பச்சைத் தோலைத் தடவிப் பார்த்து ஓரளவு தரம் சொல்லலாம். ஆனால் உண்ணி கடித்த வடுவும், முள் கீறிய கோடும் மயிருக்கு அடியில் மறைந்திருக்கும். மயிர் நீக்கி, குரோமில் பதனிட்டு, நீல நிறத்தில் எடுத்து விரித்த பிறகே தோலின் உண்மையான முகம் தெரியும். அனுபவமுள்ளவர் பச்சைத் தோலைப் பார்த்தவுடன் முதல் தரம் என்று சத்தியம் செய்யமாட்டார். கால்பந்தில் மட்டும் ஏன் செய்கிறோம்?

நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. சென்னை சிட்டி என்ற சங்கம் 2017-18ஆம் ஆண்டின் ஐ-லீகில் பத்து அணிகளில் எட்டாம் இடம் பெற்றது. மறு ஆண்டு புதிய வீரர்கள் சேர்ந்தார்கள். 2018-19இல் கோயம்புத்தூரைத் தாயகமாகக் கொண்டு ஆடிய அதே சங்கம், 43 புள்ளிகளோடு கோப்பையை வென்றது. இரண்டாவதாக வந்த ஈஸ்ட் பெங்கால் பெற்றவை 42. சென்ற ஆண்டுப் பட்டியலை மட்டும் வைத்துக் கணித்தவருக்கு இந்த முடிவு எட்டியிராது.

கணிப்பே காரணமாகும்போது

இதுவரை சொன்னவை தேநீர்க் கடையோடு நின்றுவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் முன்கணிப்பு ஆட்ட அட்டவணைக்குள் நுழையும்போதுதான் தொல்லை. பல போட்டிகளில் சென்ற ஆண்டு அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளுக்குத் தனியிடம் தருவது உண்டு. அணிகள் குறைவாக இருந்தால் அவற்றுக்கு முதல் சுற்றில் ‘பை’யும் கிடைக்கும், அதாவது, ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகலாம்.

ஒரு கற்பனைப் போட்டியில் பன்னிரண்டு அணிகள் என்று கொள்வோம். எல்லா அணிகளும் திறமையில் முற்றிலும் சமம். ஒவ்வோர் ஆட்டமும் நாணயம் சுண்டுவது போல. நான்கு அணிகளுக்கு ‘பை’ உண்டு. அவை மூன்று ஆட்டங்களை வென்றால் போதும். வாய்ப்பு எட்டில் ஒன்று. மற்ற எட்டும் நான்கு ஆட்டங்களை வெல்ல வேண்டும். வாய்ப்பு பதினாறில் ஒன்று. கூட்டிப் பாருங்கள்: கோப்பைகளில் சரிபாதி அந்த நான்கு அணிகளுக்கே போகும். அரையிறுதியிலும் சராசரியாக நான்கில் இரண்டு இடங்கள் அவற்றுக்கே. அடுத்த ஆண்டு அவற்றுக்கு மறுபடியும் தனியிடம்! திறமையில் எள்ளளவும் வேறுபாடு இல்லாத அணிகளுக்குள் ‘பெரிய அணி’, ‘சிறிய அணி’ என்ற சாதி இப்படித்தான் பிறக்கிறது. “பார்த்தீர்களா, நாம் சொன்னபடியே நடந்தது” என்று கணித்தவர் மார்தட்டுவார். நடந்தது கணிப்பினால் என்பதை அவர் அறியார்.

இதில் இழப்பு யாருக்கு? தோற்றால் வெளியேறும் முறையில், பதினாறு அணிகளில் எட்டு அணிகளுக்கு ஓர் ஆட்டத்தோடு ஆண்டு முடிந்துவிடுகிறது. மூன்றாண்டும் முதல் சுற்றிலேயே தோற்கும் அணியில் ஆடும் மாணவனுக்குக் கல்லூரி வாழ்வில் கிடைப்பது மொத்தம் மூன்று ஆட்டங்கள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, கட்டாந்தரையில் முழங்கால் தேய ஓடியவனுடைய திறமையை மூன்று ஆட்டங்களில் எடைபோட்டு விடுகிறோம். “உங்கள் காலேஜ் எங்கே ஜெயிக்கப் போகுது?” என்ற சொல்லைக் கேட்டே மைதானத்துக்கு வராமல் நின்றுவிடுபவன், கணக்கில்கூட வருவதில்லை.

பரிகாரம் எளிது. அணிகளைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஆடட்டும். நான்கு அணிகள் கொண்ட குழுவானால் ஒவ்வொருவருக்கும் மூன்று ஆட்டங்கள் உறுதி. முதல் சுற்று விடுப்பைச் சீட்டுக் குலுக்கித் தரலாம். செலவும் நாளும் சற்றுக் கூடும் என்பது உண்மையே. ஆனால் திறமையை அளப்பதுதான் போட்டியின் நோக்கமானால், அளவுகோலைக் கொஞ்சம் நீட்டத்தான் வேண்டும்.

கணித்தவருக்கு மதிப்பெண்

கடைசிக் குறைக்கு மருந்து வானிலைத் துறையிலிருந்து கிடைக்கிறது. “நாளை மழை வர வாய்ப்பு 100க்கு இவ்வளவு” என்று சொல்பவரை எப்படி எடைபோடுவது? 1950இல் கிளென் பிரையர் ஒரு வழி சொன்னார். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0 என்று கொள்க. சொன்ன வாய்ப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்திச் சராசரி காண்க. இது தண்டனை மதிப்பெண். குறைவாக இருப்பதே நல்லது.

நம் ‘அ’ அணியின் 100 ஆட்டங்களில் 62ல் அது முன்னேறியது என்று கொள்வோம். ஒவ்வொரு முறையும் “நிச்சயம்” என்றவர் பெறும் தண்டனை 0.38. “62” என்று சொன்னவருக்கு 0.24. “எனக்கு ஒன்றும் தெரியாது, பாதிக்குப் பாதி” என்றவருக்கு 0.25. வேடிக்கையைக் கவனித்தீர்களா? தெரியாது என்று ஒப்புக்கொண்டவர், நிச்சயம் என்று முழங்கியவரைவிட எவ்வளவோ மேல்! அளவோடு சொன்னவர் இருவரையும் வென்றார், ஆனால் மயிரிழையில்தான். அந்த மயிரிழைதான் ஓர் ஆட்டத்தைப் பற்றி உண்மையில் நமக்கிருக்கும் அறிவு.

மாணவ நண்பர்கள் இவ்வாண்டே இதைச் செய்து பார்க்கலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் உங்கள் கணிப்பை எண்ணாக எழுதுங்கள். எழுதிய பின் அழிக்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் தண்டனை மதிப்பெண்ணைக் குறியுங்கள். சீசன் முடிவில் சராசரி 0.25க்கு மேல் வந்தால், அடுத்த ஆண்டு தேநீர்க் கடையில் சற்று அடக்கமாகப் பேசலாம். கீழே வந்தால், உங்களிடம் ஏதோ ஒரு சரக்கு இருக்கிறது என்று பொருள்.

அப்போதும், முதல் சுற்றில் பெயர் தெரியாத அணி ஒன்று களத்தில் இறங்கும்போது, ‘ஆ’வுக்கு 100க்கு 38 வாய்ப்பு இருந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். நாலு ஆட்டத்தில் ஒன்றரை ஆட்டம்! அதற்காக அந்தப் பையன்கள் காலை ஐந்து மணிக்கு எழுவதில் அறிவியலுக்கு முரணானது எதுவுமில்லை.