எதிர்ப்பும் வசூலும்: சர்ச்சைக்குள்ளான மூன்று கிறித்தவத் திரைப்படங்களை முன்வைத்து

முன்னுரை

சமய உணர்வைத் தொடும் திரைப்படம் ஒன்று எதிர்ப்புக்கு உள்ளாகும்போதெல்லாம் இருவகைக் கூற்றுகள் எழுவதைக் காணலாம். எதிர்ப்பே விளம்பரமாகிப் படத்தை ஓடச் செய்துவிடும் என்பது ஒன்று. மக்கள் திரண்டு சென்று பார்த்ததே அப்படத்தின் பக்கம் நியாயம் இருப்பதற்குச் சான்று என்பது மற்றொன்று. முன்னது வணிகம் பற்றியது. பின்னது மதிப்பீடு பற்றியது. இரண்டுமே வசூல் தொகையை அடிப்படையாகக் கொண்டு பேசுகின்றன. இக்கூற்றுகள் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை மார்ட்டின் ஸ்கார்செஸியின் ‘தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிரைஸ்ட்’ (1988), மெல் கிப்சனின் ‘தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்’ (2004), ரான் ஹோவர்டின் ‘தி டா வின்சி கோட்’ (2006) ஆகிய மூன்று படங்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

மூன்று படங்களும் அவற்றின் வசூலும்

கிரேக்க எழுத்தாளர் நிக்கோஸ் கசந்த்சாகிசின் புதினத்தைத் தழுவியது ஸ்கார்செஸியின் படம். சிலுவையில் தொங்கும் இயேசு, மணம் புரிந்து இல்லறம் நடத்தும் வாழ்வொன்றைக் கனவாகக் கண்டு, இறுதியில் அதனை மறுத்துச் சாவை ஏற்பதாக அப்படம் சித்திரிக்கிறது. இப்படம் நற்செய்தி நூல்களைப் பின்பற்றியதன்று என்று தொடக்கத்திலேயே அறிவிப்பும் இடம்பெறுகிறது. ஆயினும் அமெரிக்கக் கிறித்தவ அமைப்புகளின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. படத்தின் மூலச்சுருளை விலைகொடுத்து வாங்கி அழித்துவிடவும் சமயத் தலைவர் ஒருவர் முன்வந்தார். 1988 அக்டோபரில் பாரிசில் இப்படம் ஓடிய திரையரங்கு ஒன்றுக்குத் தீ வைக்கப்பட்டுப் பலர் காயமுற்றனர். இத்தனைப் பரபரப்புக்குப் பின்னும் ஏறத்தாழ 70 இலட்சம் டாலரில் எடுக்கப்பட்ட இப்படம் அமெரிக்காவில் ஈட்டியது ஏறத்தாழ 84 இலட்சம் டாலரே. வசூலில் ஒரு பெரும்பகுதி திரையரங்குகளுக்குச் சேர்வது என்பதைக் கருதினால் இதனை வெற்றியெனக் கொள்ள இயலாது.

கிப்சனின் படமோ ஏறத்தாழ 3 கோடி டாலரில் உருவானது. உரையாடல் முழுவதும் அரமேயம், எபிரேயம், இலத்தீன் ஆகிய மொழிகளில் அமைந்தது. வன்முறை மிகுதியால் சிறுவர் தனித்துக் காண இயலாத தரச்சான்றைப் பெற்றது. வணிக நோக்கில் இவை அனைத்தும் குறைகளே. எனினும் 2004 பிப்ரவரி 25 அன்று, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, 3,000க்கும் மேற்பட்ட அரங்குகளில் வெளியான இப்படம் வட அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 37 கோடி டாலரும், உலகளவில் 61 கோடி டாலருக்கு மேலும் ஈட்டியது. அத்தரச்சான்று பெற்ற படங்களுள் வட அமெரிக்க வசூலில் இது பெற்ற முதலிடம் 2024 வரை இருபது ஆண்டுகள் நிலைத்தது.

‘தி டா வின்சி கோட்’ ஏறத்தாழ 12.5 கோடி டாலரில் உருவாகி, அமெரிக்காவில் 21 கோடிக்கும் மேலும் உலகளவில் 75 கோடி டாலருக்கும் மேலும் ஈட்டியது. கான் திரைப்பட விழாவில் திறனாய்வாளர் பலர் இப்படத்தை ஏற்கவில்லை. படத்தைப் புறக்கணிக்குமாறு வாட்டிகனின் உயர் பொறுப்பினர் ஒருவர் வேண்டுகோள் விடுத்தார். வசூலை இவ்விரண்டுமே தடுக்கவில்லை.

மூன்று படங்களும் கிறித்தவம் சார்ந்த சர்ச்சைக்கு உள்ளானவை. மூன்றும் செய்தித்தாள்களின் முதற்பக்கத்தில் இடம்பெற்றவை. ஆனால் ஒன்று தோல்வியடைந்தது. இரண்டு பெருவெற்றி பெற்றன. எனவே ‘எதிர்ப்பு வசூலைத் தரும்’ என்னும் கூற்று முதற்சோதனையிலேயே தளர்ந்துவிடுகிறது.

எதிர்த்தவரும் பார்த்தவரும்

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் எதிர்ப்பின் அளவில் இல்லை. எதிர்த்தவர்க்கும் படத்தின் இயல்பான பார்வையாளர்க்கும் இடையிலான உறவில் உள்ளது. ஸ்கார்செஸியின் படத்தை எதிர்த்தவர்கள், இயேசுவைப் பற்றிய ஒரு படத்திற்கு இயல்பாகத் திரண்டிருக்கக்கூடிய நம்பிக்கையாளர்களே. சிலுவைப்பாடு அவர்தம் வழிபாட்டுக்குரியது. அதன்மேல் ஐயத்தையும் ஆசையையும் ஏற்றிக் காட்டியதை அவர்கள் தம்மீதான தாக்குதலாகவே கொண்டனர். திரையரங்கு நிறுவனங்கள் சிலவும் படத்தைத் திரையிட மறுத்தன. எஞ்சியவர் கலைப்படங்களை நாடும் சிறுபான்மைப் பார்வையாளர் மட்டுமே.

கிப்சனின் படத்தில் நிலை தலைகீழானது. யூத எதிர்ப்புணர்வைப் படம் தூண்டக்கூடும் என்று அஞ்சிய யூத அமைப்புகளும் விவிலிய அறிஞர்களுமே முதன்மையான எதிர்ப்பாளர்கள். படத்தின் இயல்பான பார்வையாளராகிய நற்செய்திச் சபையினரும் கத்தோலிக்கரும் அதனைத் தமதாக ஏற்றனர். வெளியீட்டிற்கு முன்னரே போதகர்களுக்குச் சிறப்புக் காட்சிகள் நடத்தப்பட்டன. சபைகள் நுழைவுச்சீட்டுகளை மொத்தமாக வாங்கின. வெளியிலிருந்து வந்த கண்டனம் இவர்களிடையே ‘நம்முடைய படம்’ என்னும் உணர்வை வலுப்படுத்தியது.

‘தி டா வின்சி கோட்’ மூன்றாவது நிலையைச் சார்ந்தது. அதன் பார்வையாளர், கோடிக்கணக்கில் விற்ற டான் பிரவுனின் புதினத்தை முன்பே படித்தவர்கள். திருச்சபை மறைத்த இரகசியம் என்பதே கதையின் சுவையாக இருந்தமையால், திருச்சபையின் மறுப்பும் அச்சுவையோடு சேர்ந்துகொண்டது.

அறிந்த கதையைக் காணச் செல்லுதல்

கிப்சனின் படம் கெத்சமனித் தோட்டத்தில் தொடங்குகிறது. இயேசு யார், அவர் போதித்தது யாது, அவர்மீது பகை எவ்வாறு வளர்ந்தது என்பவற்றைச் சில நொடி நினைவுக்காட்சிகளால் மட்டுமே சுட்டிச் செல்கிறது. கதையறியாதவனுக்கு இது காரணம் விளங்காத நீண்ட சித்திரவதையாகவே தோன்றும். கதையறிந்தவனோ காட்சிகளின் இடைவெளிகளைத் தன் நினைவால் நிரப்பிக்கொள்கிறான். மூன்று முறை விழுதல், வெரோனிக்கா முகம் துடைத்தல் ஆகியவை நற்செய்தி நூல்களில் இல்லாதவை. சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளில் இடம்பெறுபவை. ஆதலின் இப்படத்தின் கட்டமைப்பு நாடகக் கட்டமைப்பு என்பதைவிட வழிபாட்டுக் கட்டமைப்பு எனக் கூறுவதே பொருந்தும்.

தமிழ்ச் சூழலில் இவ்வுறவு புதிதன்று. திரௌபதியம்மன் விழாவில் கூத்துக் காண்பவர்க்குப் பாரதக் கதையின் முடிவு தெரியும். தெரிந்திருந்தும் விடியவிடிய அமர்ந்திருக்கின்றனர். படுகளத்தில் துரியோதனன் மாளும்போது அவர்கள் பார்வையாளராக மட்டும் இருப்பதில்லை. தவக்காலத்தில் தமிழகக் கத்தோலிக்க ஊர்கள் சிலவற்றில் நிகழும் பாஸ்கா நாடகமும் இத்தகையதே. 1975இல் வெளிவந்த ‘ஜெய் சந்தோஷி மா’ என்னும் இந்திப்படம் ஓடிய அரங்குகளில் மக்கள் காலணிகளைக் கழற்றிவிட்டு நுழைந்ததும், திரையை நோக்கிப் பூவும் காசும் தூவியதும் பலராலும் பதிவு செய்யப்பட்டவை. குறைந்த செலவில் உருவான அப்படம், அதே ஆண்டில் வெளியான ‘ஷோலே’யோடு ஒருங்கு வைத்துப் பேசப்படும் வெற்றியைப் பெற்றது. இத்தகைய இடங்களில் நுழைவுச்சீட்டு காணிக்கையின் இயல்பைப் பெற்றுவிடுகிறது. கிப்சனின் படம் உயிர்ப்பு ஞாயிறை ஒட்டிய வாரஇறுதியில் மீண்டும் வசூலில் முதலிடம் பெற்றதனை இந்நோக்கிலேயே விளங்கிக்கொள்ள முடியும்.

பின்வந்தவை தரும் சான்று

இக்கருத்தைப் பின்னாளைய நிகழ்வுகள் இரண்டு உறுதிப்படுத்துகின்றன. 2005 மார்ச்சில் கிப்சன் தம் படத்தின் வன்முறைக் காட்சிகளில் சில நிமிடங்களைக் குறைத்து மீண்டும் வெளியிட்டார். அது ஈட்டியது ஏறத்தாழ 5 இலட்சம் டாலர் மட்டுமே. படமும் நடிகரும் பொருளும் மாறவில்லை. சபைகளின் ஒருங்கிணைந்த முயற்சியும், ஒன்றுகூடிச் செல்லும் நிகழ்வு என்னும் தன்மையும் இல்லாது போயின.

டான் பிரவுன் வரிசையில் அடுத்து வந்த ‘ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்’ (2009) உலகளவில் ஏறத்தாழ 48 கோடி டாலரும், ‘இன்ஃபெர்னோ’ (2016) ஏறத்தாழ 22 கோடி டாலரும் ஈட்டின. இயக்குநரும் முதன்மை நடிகரும் அவர்களே. இச்சரிவிற்குச் சர்ச்சை தணிந்ததை மட்டும் காரணமாகக் கூறுதல் மிகையாகும். புதினத்தின் மீதான ஆர்வமும் குறைந்தே வந்தது. சர்ச்சையால் பெறும் கவனம் படைப்பாளியின் நிலையான சொத்தாவதில்லை என்பது மட்டும் தெளிவு.

வசூல் சொல்லாதவை

இனி இரண்டாவது கூற்றைக் காண்போம். கிப்சனின் படம் வெற்றி பெற்றதும், கண்டித்தவர்களின் அச்சம் பொய்த்தது என்று பலர் கூறினர். இக்கூற்று ஏற்புடையதன்று. இயேசுவின் சாவுக்கு யூத இனம் முழுவதையும் பொறுப்பாக்கும் பழியை 1965இல் இரண்டாம் வாட்டிகன் சங்கம் வெளிப்படையாக மறுத்தது. அப்பழிக்குப் பல நூற்றாண்டுகளாக ஆதாரமாகக் காட்டப்பட்ட மத்தேயு நற்செய்தித் தொடர் படத்தின் அரமேய உரையாடலில் இருக்க, ஆங்கிலத் துணைவரியில் மட்டும் நீக்கப்பட்டது. பிலாத்துவின் தயக்கத்திற்குப் படம் முகம் தருகிறது. தலைமைக் குருக்களின் பகைக்கு அத்தகைய உள்முகம் எதனையும் தரவில்லை. இவை படைப்பு சார்ந்த வினாக்கள். இவற்றுக்குப் படத்தினுள்தான் விடை தேடவேண்டும். 37 கோடி டாலர் என்பது எத்தனை நுழைவுச்சீட்டுகள் விற்றன என்பதற்கு விடையே தவிர இவற்றுக்கு விடையாகாது.

இதன் மறுதலையும் உண்மையே. ஸ்கார்செஸியின் படம் வணிகத்தில் தோற்றதனால் அதன் சிந்தனை தோற்றதாகாது. இறைமையும் மனிதமும் ஓருடலில் பொருந்துதல் என்னும் கிறித்தவ இறையியலின் கடினமான வினாவை இம்மூன்றனுள் நேர்நின்று எதிர்கொண்டது அதுவே.

தடையும் இந்தியச் சூழலும்

மேற்கண்ட வசூல்கள் யாவும் படம் திரைக்கு வந்தபின் எண்ணப்பட்டவை. இந்தியச் சூழலில் அதற்கு முன்னரே சிக்கல் தொடங்கிவிடுகிறது. ‘தி டா வின்சி கோட்’ மைய அரசின் தணிக்கை வாரியத்திடம், கதை கற்பனையே என்னும் அறிவிப்போடு, வயது வந்தோர்க்கான சான்றிதழைப் பெற்றது. அதன் பின்னரும் நாகாலாந்து, பஞ்சாப், கோவா, ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் அதற்குத் தடை விதிக்கப்பட்டது. ஆந்திர உயர்நீதிமன்றமும் சென்னை உயர்நீதிமன்றமும் 2006இல் அத்தடைகளை நீக்கின. போராட்ட அச்சுறுத்தலைக் காரணம் காட்டிக் கருத்துரிமையை ஒடுக்கலாகாது என்பதை ‘ஒரே ஒரு கிராமத்திலே’ வழக்கில் 1989லேயே உச்சநீதிமன்றம் வலியுறுத்தியிருந்தது.

ஆயினும் திரைப்பட வணிகத்தில் காலமே முதன்மையானது. வசூலின் பெரும்பகுதி முதற்சில நாள்களில் அமைவது. நீதிமன்றம் உரிமையை மீட்டுத் தரலாம். கடந்துபோன முதல் வாரத்தை மீட்டுத் தர இயலாது. 2013இல் ‘விஸ்வரூபம்’ தமிழகத்தில் சனவரி 25இல் வெளியாக இயலாமல், சில மாற்றங்களுக்கு உடன்பட்டபின் பிப்ரவரி 7இல் திரைக்கு வந்தது இங்கு நினையத்தக்கது. அவ்விடைவெளியில் படைப்பாளியின் முன்நின்ற தேர்வு, கருத்துக்கும் கடனுக்கும் இடையிலானதாக இருந்தது. ‘எதிர்ப்பு இலவச விளம்பரம்’ என்று எளிதில் கூறுவோர் இந்நெருக்கடியைக் காண்பதில்லை.

முடிவுரை

சமயச் சர்ச்சை, தனித்து நின்று ஒரு படத்தை வாழவைப்பதுமில்லை, வீழ்த்துவதுமில்லை. எதிர்ப்பவர் யார், பார்ப்பவர் யார், அரங்குகள் திறந்துள்ளனவா என்னும் மூன்றுமே வசூலை வரையறுக்கின்றன. வசூல் ஒரு சமூகத்தின் விருப்பத்தை, அதன் ஒருங்கிணைவை, அதற்குக் கிடைத்த வாய்ப்பை அளக்கும். படைப்பின் உண்மையை அளக்காது. திரைப்படத் திறனாய்வு இவ்வேறுபாட்டைப் பேணுதல் வேண்டும். அதனைக் கைவிடுமாயின், மிகுதியாக விற்றதே சரி என்னும் வணிகரின் வாதத்திற்கும், மிகுதியாகக் கூச்சலிட்டவரே சரி என்னும் தடையாளரின் வாதத்திற்கும் இடையில் திறனாய்வுக்கென்று ஓர் இடம் எஞ்சாது.