எந்தப் பைத்தானோடு நிறுத்திக்கொள்வது?

பைத்தான் 2.7க்கு விடைகொடுக்க முதலில் குறித்த ஆண்டு 2015. அந்த நாள் நெருங்கியபோது மாற வேண்டியவர்களில் பலர் மாறியிருக்கவில்லை. எனவே 2014இல் அதை 2020க்குத் தள்ளிவைத்தார்கள். பைத்தான் 3.0 வெளிவந்தது 2008 டிசம்பரில். ஆக, ஒரே மொழியின் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு வடிவங்கள் பதினோரு ஆண்டுகள் அருகருகே இருந்தன. அந்தச் சுமை மொழியை உருவாக்கியவர்களோடு நிற்கவில்லை. அதன்மேல் லைப்ரரிகள் எழுதிய திறமூலப் பராமரிப்பாளர்கள், பெரும்பாலும் வேலை முடிந்த பிறகு இரவுகளிலும் விடுமுறை நாள்களிலும், சம்பளமில்லாமல் அதைச் சுமந்தார்கள். பழைய பதிப்புகளுக்கான ஆதரவை ஒரு திட்டம் நிறுத்துவது சரியா என்ற விவாதத்தை இந்தச் சுமையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அது எப்படிப்பட்ட சுமை என்பதற்குத் தமிழ் உரையே நல்ல சான்று. யூடிஎஃப்-8 நிரல் கோப்பு ஒன்றில் மேற்கோள் குறிக்குள் 'தமிழ்' என்று எழுதி அதன் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 2 பதினைந்து என்று சொல்லும். அது பைட்டுகளின் எண்ணிக்கை. பைத்தான் 3 ஐந்து என்று சொல்லும். அது யூனிகோட் குறிகளின் எண்ணிக்கை. (நாம் எண்ணும் மூன்றெழுத்தை இரண்டுமே தாமாகச் சொல்வதில்லை, அதற்குத் தனியாக நிரல் எழுத வேண்டும்.) இரண்டு பதிப்புகளிலும் ஓட வேண்டிய லைப்ரரியில், உரை உள்ளே வரும் ஒவ்வொரு இடத்திலும் வெளியே போகும் ஒவ்வொரு இடத்திலும் இது பைட்டா எழுத்தா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் தவறவிட்டாலும் சோதனைகள் பிடிக்காமல் போகலாம். ஏனென்றால், பைத்தான் 2 இரண்டு வகை உரையையும் கேட்காமலேயே கலந்துவிடும். ஆங்கிலமாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. முதல் தமிழ்ப் பெயர் வந்ததும் யூனிகோட் பிழை காட்டி நிரல் நின்றுவிடும். பழையதை விடாமல் வைத்திருப்பது யாருக்கும் கெடுதல் இல்லாத பெருந்தன்மை என்று வாதிடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெருந்தன்மைக்கு விலை கொடுத்தவர்களில் ஆங்கிலம் அல்லாத மொழிகளில் கணினியைப் பயன்படுத்தியவர்களும் உண்டு.

மற்ற செலவுகள் வெளிப்படையானவை. ஐந்து பைத்தான் பதிப்புகள், மூன்று இயங்குதளங்கள் என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பதினைந்து சோதனை ஓட்டங்கள். புதிதாகப் பங்களிக்க வருபவருக்குத் தன் மடிக்கணினியில் சரியாக ஓடிய நிரல், தான் பார்த்தே இராத ஒரு பழைய பதிப்பில் ஏன் தோற்றது என்று புரியாது. இரண்டாவது முறை அவர் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

இதையெல்லாம் பார்த்துத்தான், எண் கணக்கீட்டு லைப்ரரியான நம்பையின் திட்டம் 2019இல் நெப் 29 என்ற விதியை ஏற்றது. ஒரு பைத்தான் பதிப்பு வெளியாகி 42 மாதங்கள் ஆனதும் அதற்கான ஆதரவை நிறுத்திக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். பிறகு வந்த ஸ்பெக் 0 என்ற விதி அதை 36 மாதங்களாகக் குறைத்தது. பைத்தானோ தன் ஒவ்வொரு பதிப்பையும் ஐந்தாண்டுகள் பராமரிக்கிறது. அதாவது, மொழியே இன்னும் பாதுகாப்புத் திருத்தம் வழங்கிக்கொண்டிருக்கும் பதிப்பை லைப்ரரி கைவிட்டுவிடும். 3.6க்கு பைத்தான் தரப்பின் ஆதரவு 2021 டிசம்பர்வரை இருந்தது. 2021 ஜனவரியில் வந்த நம்பை 1.20 அதை ஏற்கவில்லை.

இது அவசரம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2019இல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8இன் அடிப்படைப் பைத்தான் 3.6. அந்த இயங்குதளத்தின் ஆதரவு 2029வரை நீள்கிறது. பழையதைப் பத்தாண்டு காப்பது அந்த நிறுவனத்தின் தொழில். அதற்கு வாடிக்கையாளர் பணம் கொடுக்கிறார். அந்த உத்தரவாதத்தைத் தன் லைப்ரரியும் இலவசமாகத் தர வேண்டும் என்று ஒரு தன்னார்வலரிடம் எதிர்பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. நெப் 29இன் பெரிய நன்மை, ஒவ்வொரு முறையும் நடக்கும் இந்த வாக்குவாதத்தை அது முடித்துவைத்ததுதான். தேதி முன்பே தெரியும். யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் அந்த விதி எழுதப்பட்டது நம்பை போன்ற கனமான திட்டங்களுக்காக. சி நிரல் கலந்து, ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாகத் தொகுத்து வெளியிட வேண்டியவை அவை. நாளடைவில் அதே மனப்பான்மை, சில நூறு வரிகளில் முடிந்துபோன சிறு பேக்கேஜ்களுக்கும் பரவிவிட்டது. தானியங்கிக் கருவி ஒன்றை ஓட்டி எல்லாவற்றையும் புதிய எழுத்துமுறைக்கு மாற்றி, அதையே காரணமாகக் காட்டிப் பழைய பதிப்பை வெட்டிவிடுகிறார்கள். லைப்ரரிக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை; பழைய பதிப்பில் இருந்தவர்களுக்கு மட்டும் கதவு மூடுகிறது. இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது பைட்ஸ் என்ற நேரமண்டல லைப்ரரி. அதன் 2024ஆம் ஆண்டு வெளியீடுகள்கூட பைத்தான் 2, 3 இரண்டுக்கும் பொதுவாகவே வந்தன. அங்கே மாறுவது நிரல் அல்ல, தரவு. கோடைகால நேரத்தை ஏதோ ஒரு நாட்டு அரசு மாற்றினால் அந்தத் திருத்தம் பழைய சர்வருக்கும் போய்ச் சேர வேண்டும். நிறுத்துவதால் எந்த வேலை குறைகிறது என்று கேட்டு, விடை இல்லை என்றால் நிறுத்தாமல் இருப்பதும் ஒரு கொள்கைதான். நாட்காட்டி அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. அது நிறுத்தும் முடிவில் இல்லை, நிறுத்தும் விதத்தில். பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி பிப். 2021 ஜனவரியில் வெளியான அதன் 21.0 பதிப்பு, பைத்தான் 2.7க்கும் 3.5க்கும் ஆதரவை நிறுத்தியது. முடிவில் தவறில்லை. ஆனால் உபுண்டு 16.04 கணினிகளில் இருந்தது பைத்தான் 3.5உம் பிப் 8.1.1உம். ஒரு பேக்கேஜ் எந்தப் பைத்தானைக் கேட்கிறது என்று பார்த்து ஏற்ற பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் வசதி பிப்புக்கு 2016 நவம்பரில் வந்த 9.0இல்தான் கிடைத்தது. எனவே 8.1.1ஐ வைத்துக்கொண்டு 'பிப்பை அப்டேட் செய்' என்று சொன்னவருக்கு, எதையும் பார்க்காமல் 21 வந்து இறங்கியது. அடுத்த கட்டளையிலேயே தொடரியல் பிழை. இடறிய வரியைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்: பிழைச் செய்தியைத் திரைக்கு அனுப்புவதற்காக எழுதிய வரி அது. 3.6இல் அறிமுகமான எஃப்-ஸ்டிரிங் வடிவத்தில் எழுதியிருந்ததால் 3.5ஆல் அதைப் படிக்கவே முடியவில்லை. பழுதுபார்க்க வேண்டிய கருவியே பழுதாகி நின்றது.

முன்னறிவிப்பு கொடுக்கவில்லையா என்றால், கொடுத்தார்கள். பிப் 20 வரிசை எச்சரித்துக்கொண்டே இருந்தது. ஆனால் எச்சரிக்கையைப் பார்த்தவர்கள் 20வரை வந்து சேர்ந்தவர்கள், 8.1.1இல் நின்றவர்களுக்கு அது கண்ணில் படவே இல்லை. யாருக்கு மிகவும் தேவையோ அவர்களைத் தவிர மற்ற எல்லாரையும் சென்றடையும் அறிவிப்புகள் இந்த நடைமுறையின் நிரந்தர பலவீனம். வெளியீட்டுக் குறிப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் இதனால்தான் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஊடாடு பைத்தான் கருவியான ஐபைத்தானின் குழு இதை முன்கூட்டியே யோசித்தது. 2017 ஏப்ரலில் 6.0 வெளியிட்டு பைத்தான் 2ஐ விடுவதற்கு முன், மேலே சொன்ன வசதி பிப்பிலும் பேக்கேஜ் கிடங்கிலும் வருவதற்கு அவர்களே உழைத்தார்கள். அதையும் மீறிப் பழைய பைத்தானில் 6.0ஐ நிறுவ முயல்பவருக்கு, 5.x வரிசையை நிறுவிக்கொள்ளுங்கள், அது நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று நிறுவும் நிரலே விளக்கம் சொல்லி நின்றது. வலைத்தளச் சட்டகமான ஜாங்கோ வேறு வழியில் சரியாகச் செய்தது. பைத்தான் 2ஐ 2017 டிசம்பரில் 2.0 பதிப்போடு விட்டாலும், அதை ஏற்ற கடைசி வரிசையான 1.11க்கு 2020 ஏப்ரல்வரை பாதுகாப்புத் திருத்தம் கொடுத்தது. பைத்தான் 2க்கே ஓய்வு வந்து மூன்று மாதம் கழித்துத்தான் ஜாங்கோவின் துணையும் நின்றது. பட லைப்ரரியான பில்லோ 2020 ஜனவரி 2 அன்று 6.2.2 என்ற பாதுகாப்பு வெளியீட்டைத் தந்தது, பைத்தான் 2.7ஐ ஏற்ற அதன் கடைசி வெளியீடு அதுதான். இவற்றில் எதுவும் பழையதை என்றென்றும் சுமக்கவில்லை. கடைசி வண்டி எது என்பதைத் தெளிவாகச் சொல்லி, அதை நல்ல நிலையில் அனுப்பிவைத்தன.

நம் ஊருக்கு இது தூரத்து விவகாரம் அல்ல. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் இருக்கிறது. படிக்கும் பிள்ளையிடம் இருப்பது விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினி என்றால், 3.8க்கு மேல் எந்தப் பைத்தானையும் அதில் நிறுவ முடியாது. அதில் ஏறும் கடைசி நம்பை 1.24. அணிகளைக் கற்க அது தாராளமாகப் போதும். 1.24க்கான ஆவணங்களையும் அந்தத் திட்டம் இணையத்தில் தனி முகவரியில் அப்படியே வைத்திருக்கிறது. பிள்ளை படிப்பதும் கணினியில் ஓடுவதும் ஒன்றாகவே இருக்கும். பல சிறு திட்டங்களில் இந்த வசதி இல்லை. புதிய பதிப்பு வந்ததும் பழைய ஆவணத்தின் மேலேயே புதியதை எழுதிவிடுகிறார்கள். பழைய லைப்ரரியை நிறுவ முடிகிறது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்க்க இடமில்லை. பழைய பக்கங்களை அழிக்காமல் விட்டுவைக்க ஒரு பராமரிப்பாளருக்கு ஆகும் உழைப்பு மிகக் குறைவு. ஆதரவை நிறுத்தும் நாளில் செய்ய வேண்டிய வேலைகளில் அதை முதலாவதாக வைப்பேன்.