ஆட்டோக்காரருக்குத் தெரிந்த செய்தி

ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பாகங்களைப் பொருத்தும் வேலைக்குக் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூன் 25 அன்று ராய்ட்டர்ஸ் எழுதியது. அந்தக் கட்டுரையில் ஓர் இடம் இன்னும் என்னை விடவில்லை. 2023 மார்ச்சில் வேலை கேட்டு வந்த அக்கா தங்கை இருவரை, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டு வாசலிலேயே காவலாளி திருப்பி அனுப்புகிறார். பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர்களை ஏற்றிவந்த ஆட்டோக்காரரும் அதையேதான் சொல்லியிருந்தார்: கல்யாணமானவர்களை எடுக்க மாட்டார்கள்.

ஆட்டோ ஸ்டாண்டு வரை பரவிய விஷயம் அந்த ஊர் நிருபர் காதில் விழாமலா இருந்திருக்கும்? விழுந்திருக்கும். செய்தியாகத் தோன்றியிருக்காது. கட்டுரை வந்த மறுநாளே மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. தமிழ்ப் பத்திரிகைகளும் எடுத்துப் போட்டன. நம் ஊர்ச் செய்தி, மொழிபெயர்ப்பாக நமக்கே வந்து சேர்ந்தது.

துணிச்சல் போதாது என்று முடித்துவிடலாம், அது நியாயமில்லை. 2021 டிசம்பர் 15 அன்று, ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 17ஆம் தேதி தோழிகள் சாலைக்கு வந்தார்கள். மறியல் மறுநாளும் தொடர்ந்தது. போலீஸ் பிடித்துவைத்த 67 பெண்களோடு உள்ளூர் செய்தியாளர் ஒருவரும் இருந்தார் என்று ராய்ட்டர்ஸ் பதிவு செய்திருக்கிறது. சாலையில் நிற்க நம் நிருபர்கள் தயங்கியதில்லை. ஆனால் பெண்கள் தரையில் படுத்ததும், ஒரே அறையில் 30 பேர் வரை அடைந்து கிடந்ததும், சில கழிப்பறைகளில் தண்ணீர் வராததும் அந்த ஒரு நாள் சமாச்சாரமா? அவை வெளியே வர அத்தனை பேர் வாந்தியெடுத்து விழ வேண்டியிருந்தது. தோழிகள் செத்துவிட்டார்கள் என்ற வதந்தி தீயாய்ப் பரவியது. உண்மையில் யாரும் சாகவில்லை. வார்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல, அந்த விடுதிகள் ஏற்கெனவே அறிந்து நம்பிய ஒரு நிருபர் இருந்திருந்தால் வதந்திக்கு இவ்வளவு பலம் வந்திருக்காது.

சாம்சங் வேலைநிறுத்தத்தை எதிர்ச்சான்றாகக் காட்டுவார்கள். காட்ட வேண்டியதுதான். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள், சுங்குவார்சத்திரம் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்குப் போகவில்லை. அக்டோபர் 7 அன்று அமைச்சர்கள் உடன்பாடு ஏற்பட்டதாக அறிவித்தார்கள்; பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. அரசு சொன்னதையும் பந்தல் சொன்னதையும் வாசகரால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. காரணம், பேச ஆள் இருந்தது. சி.ஐ.டி.யு. தொழிற்சங்கத்தின் முத்துக்குமார் நாள்தோறும் பேசினார். மார்க்சிஸ்ட் கட்சிப் பத்திரிகையான தீக்கதிர் பின்னால் நின்றது. விடுதியில் தங்கி ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு மைக் பிடித்துப் பேச யாரும் இல்லை. அவளுக்கு வரும் இடுப்பு வலியையும் இரத்தசோகையையும் பற்றி எந்தச் சங்கமும் அறிக்கை விடுவதில்லை.

மாவட்டச் செய்திகளின் நடையைப் பார்த்தாலே குறை தெரியும். ஒரகடம் பக்கம் பிரஸ் மெஷினில் ஒருவர் கை சிக்கினால் வரும் நான்கு வரிச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தின் பெயர் இருக்கும். ஆஸ்பத்திரியின் பெயர் இருக்கும். ஆலை மட்டும் பெரும்பாலும் ‘தனியார் தொழிற்சாலை’. அடிபட்டவர் ஒடிசாவோ பீகாரோ என்றால் ‘வட மாநில வாலிபர்’. சில நேரம் அவருக்கும் பெயர் கிடையாது. அடுத்த ஆண்டு அதே மெஷினில் இன்னொரு கை போனால், அது இரண்டாவது கை என்று பத்திரிகை படிப்பவர் எவருக்கும் தெரிய வழியில்லை. ஹரியானாவின் குருகிராம்–மானேசர் பகுதியில் சேஃப் இன் இந்தியா என்ற தொண்டு நிறுவனம் 2019 முதல் ‘கிரஷ்ட்’ என்ற பெயரில் அறிக்கைகள் வெளியிட்டு, போன விரல்களை எண்ணுகிறது. எந்த கார், பைக் நிறுவனத்துக்கு உதிரிபாகம் செய்யும்போது போயின என்றும் கேட்கிறது. தினமும் விபத்துச் செய்தி போடும் மாவட்டப் பக்கத்துக்கு இந்தக் கணக்கு எளிது. பழைய தாள்களைப் புரட்டினால் போதும், அவற்றில் ஆலையின் பெயர் இருந்திருந்தால்.

விளம்பரம் பிடித்துத் தந்தால்தான் வருமானம் என்ற நிலையில் பகுதிநேர நிருபர் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆலையின் பெயரை அவர் எழுதி அனுப்பினாலும் டெஸ்க்கில் அடிபடலாம். ஆகவே குற்றச்சாட்டு அவர்மேல் அல்ல, மாவட்டப் பதிப்பை நடத்துபவர்கள்மேல். நடந்து முடிந்த சம்பவத்தை எழுதுவதில் இந்தப் பக்கங்கள் நம்பகமானவை; நாள்தோறும் நடந்துகொண்டிருக்கும் கேட்டை எழுதுவதில் தோற்றுவிட்டன. ஒரு தொழிற்பேட்டைக்குப் பின்னதுதான் முக்கியம் என்பதால், மொத்தத்தில் தோல்வி என்றே மதிப்பிடுகிறேன்.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் ஆலைவாரியாக விபத்துக் கணக்கு கேட்க, தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனுவும் 10 ரூபாயும் போதும்.