பழைய மின்கிட்டார்: புதுக்குதலா, காத்தலா?

பழம்பொருளைக் காப்பதும் அதனைப் புதுக்குவதும் ஒரே செயல் எனப் பலர் மயங்குவர். அம்மயக்கம் எத்துணைக் கேடு விளைக்கும் என்பதற்கு மின்கிட்டார் நல்லதொரு சான்று. அமெரிக்க நாட்டில் பெண்டர், கிப்சன் ஆகிய தொழிலகங்கள் 1950ஆம் ஆண்டுகளில் செய்த கிட்டார்கள் இன்று எழுபது ஆண்டு முதுமை எய்தியுள்ளன. அவற்றின் பூச்சு உதிர்கிறது. ஆணிகளில் துரு ஏறுகிறது. இவற்றைப் புத்தம் புதியன ஆக்குவதா, கை படாமல் விட்டுவைப்பதா என அத்துறை வல்லார் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுகின்றனர். இரு கட்சியாரும் பாதி உண்மையையே பற்றி நிற்கின்றனர்.

புதுக்குவோர் கூற்றை முதற்கண் நோக்குவது தகும். இசைக்கருவி ஒலிப்பதற்கே பிறந்தது. ஒலியாத கருவி வெறும் மரமே என்பது அவர்தம் வாதம். இதற்கு வலுவான சான்றும் உண்டு. லியோ பெண்டர், கலிபோர்னியா மாநிலத்துப் புல்லர்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடை நடத்தியவர். பழுதுபார்ப்பவரின் கண்கொண்டே அவர் கிட்டாரையும் அமைத்தார். 1950இல் அவர் வெளியிட்ட கருவியில் கழுத்து பசையால் ஒட்டப்படவில்லை. திருகாணிகளால் உடலோடு பூட்டப்பட்டது. கெட்டுப்போனால் கழற்றி வேறொன்றை மாட்டிக் கொள்ளலாம். மாற்றுவதற்கென்றே செய்த உறுப்பை மாற்றுவதில் குற்றம் என்ன? வீணையின் மெட்டுகளைப் போல விரற்பலகையிற் பதித்துள்ள உலோகக் கம்பிகளும் வாசிக்க வாசிக்கத் தேய்வன. அவை மிகத் தேய்ந்தபின் சுருதி செவ்வனே நில்லாது. இந்த அளவில் புதுக்குவோர் கூற்று முற்றும் ஏற்கத்தக்கதே.

ஆயின் அவர்கள் இவ்வளவில் நிற்பதில்லை. பழம்பூச்சைச் சுரண்டி எறிந்து, தொழிலகத்தின் முதல் வண்ணத்தை மீண்டும் பூசுகின்றனர். முதல் நிலைக்கு மீட்பதே நேர்மை என்பது அவர்கள் துணிபு. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1961ஆம் ஆண்டுக் கிட்டார் ஒன்றை வைத்திருந்தார். இளநீல நிறமுடைய அதன்மீது 1967இல் ஒளிரும் வண்ணங்களைத் தம் கையாலேயே தீட்டினார். அக்குழுவின் ஜான் லெனன் 1968இல் தம் கிட்டாரின் பூச்சை அடியோடு நீக்கி, வெறும் மரமாகவே வாசித்தார். இவ்விரண்டையும் "முதல் நிலைக்கு" மீட்டால் எஞ்சுவது கடைச்சரக்கு ஒன்றே. ஹாரிசனும் லெனனும் அதில் இரார்.

ஒலிக்கும் இது பொருந்தும். கிட்டாரின் தந்தி அதிர்வை மின்னாக மாற்றும் உறுப்பு பிக்கப் எனப்படும். காந்தத்தை அடுத்து மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றி அதனை அமைப்பர். பீட்டர் கிரீன் வாசித்த 1959ஆம் ஆண்டுக் கிப்சன் கிட்டாரில் ஒரு பிக்கப்பின் காந்தம் திசை மாறி அமைந்துவிட்டது. அதனால் இரண்டு பிக்கப்புகளும் ஒருங்கே இயங்கும்போது ஒன்றன் அலையை மற்றொன்று ஓரளவு அழித்து, மூக்கொலி போன்ற மெலிந்த ஓசை பிறக்கிறது. தொழில்நூற்படி இது பிழை. யாரேனும் திருத்தியிருந்தால் உலகறிந்த ஒரு குரல் அன்றே அழிந்திருக்கும். திருத்தப்படாமையால் அது கேரி மூரின் கையிலும், 2014 முதல் கர்க் ஹாமெட்டின் கையிலும் அக்குரலைக் காத்து நிற்கிறது.

இனி, எதனையும் தொடலாகாது என்போரைக் காண்போம். பொருள்களின் இயல்பே இவர்களுக்கு மறுப்பாகிறது. அக்காலக் கிட்டார்கள் பலவற்றின் முகத்தகடு செல்லுலாய்டால் ஆனது. அது நாளடைவில் சுருங்கிச் சிதைந்து அமிலப் புகையை உமிழும். மூடிய பெட்டிக்குள் அப்புகை அருகிலுள்ள உலோகத்தையும் அரிக்கும். தொடாமை என்னும் விரதமே அங்கே கருவியைத் தின்கிறது. இவர்தம் பற்றில் விலையும் கலந்துள்ளது. பூச்சு மாற்றிய கருவியின் மதிப்பு ஏறக்குறையப் பாதியாகும் என்பது வணிகர் கணக்கு. பழமையின் தோற்றத்திற்கே இத்துணை மதிப்பு எனக் கண்ட பெண்டர் தொழிலகம், 1995 முதல் புதுக்கிட்டார்களையே தேய்த்தும் கீறியும் முதுமை பூண்டனவாய் விற்கத் தொடங்கிற்று! வடு விலைப்பொருளாகுமாயின், காப்போர் காப்பது வரலாற்றையா, விலையையா என்னும் ஐயம் எழாமற் போகாது.

ஆகவே கருவி முழுவதற்கும் ஒரே விதி வகுப்பது பொருந்தாது. உறுப்புத்தோறும் ஆராய்தல் வேண்டும். தேய்வதற்கென்றே அமைந்தவற்றை மாற்றலாம். ஒருமுறை செய்தபின் மீட்கவியலாத செயல்களை, பூச்சைச் சுரண்டுவதையும் பிக்கப்பின் பழஞ்சுருளைக் களைவதையும், செய்தல் ஆகாது. கழற்றிய உறுப்பை எறியாமல் காற்றோட்டமாகத் தனியே வைத்து, மாற்றிய நாளையும் காரணத்தையும் எழுதி வைத்தல் கடன். ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போர் பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் காட்டும் ஒழுங்கு இஃதே.

இவ்வழியின் பயனை அயர்லாந்து நாட்டு ரோரி கல்லகரின் 1961ஆம் ஆண்டுப் பெண்டர் கிட்டாரிற் காணலாம். அதன் கம்பிகளும் முறுக்காணிகளும் மாற்றப்பட்டன. பூச்சோ வியர்வையாலும் உழைப்பாலும் பெரும்பகுதி உதிர்ந்து, மரம் வெளித் தெரிய அப்படியே விடப்பட்டது. 1995இல் அவர் மறைந்தார். 2024இல் இலண்டன் ஏலத்தில் விற்கப்பட்ட அக்கருவி, அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்திற்கு நன்கொடையாயிற்று. அதனைக் காண்போர் ஒரு மனிதர் முப்பதாண்டுக்கு மேல் வாசித்த வாசிப்பைக் கண்ணாலேயே அறிகின்றனர். புதுப்பூச்சு ஒன்று அதனை ஒரே நாளில் துடைத்திருக்கும்; முன்னரே தேய்ந்த கம்பிகளை மாற்றாமல் விட்டிருந்தால் அவ்வாசிப்பே அத்துணைக் காலம் நடந்திராது.