எண்ணைப் பூட்டி வைத்தால் பெயர் நிலைக்குமா?

2008 ஏப்ரல் மாதம். நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணிக்குப் புதிதாக வந்திருந்த பிட்சர் லட்ராய் ஹாக்கின்ஸ், 21-ம் எண் ஜெர்ஸியுடன் பந்து வீச இறங்கினார். சொந்த மைதானம், சொந்த ரசிகர்கள். ஆனாலும் காது கிழியும் அளவுக்குக் கூச்சல். கூட்டம் பால் ஓ'நீலின் பெயரைச் சொல்லிக் கத்தியது. 2001 வரை அந்த எண்ணில் ஆடி, யாங்கீஸ் நான்கு முறை உலகத் தொடர் வென்றபோது அணியில் இருந்தவர் ஓ'நீல். அவருடைய எண்ணுக்கு நிர்வாகம் அப்போது ஓய்வு அறிவித்திருக்கவில்லை. ரசிகர்கள் தாங்களாகவே அறிவித்துக்கொண்டார்கள்.

இதில் வேதனையான விஷயம் ஒன்று உண்டு. ஹாக்கின்ஸ் 21-ஐக் கேட்டு வாங்கியது ராபர்ட்டோ கிளமென்டேயின் நினைவாக. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காக 3,000 ஹிட் அடித்தவர் கிளமென்டே. நிலநடுக்கத்தில் சிதைந்த நிகரகுவாவுக்கு நிவாரணப் பொருட்களோடு புறப்பட்டு, 1972 டிசம்பர் 31 அன்று விமான விபத்தில் இறந்தவர். அவருக்கு ஒருவர் செய்ய நினைத்த மரியாதையை, இன்னொருவருக்கு ரசிகர்கள் செய்த மரியாதை முளையிலேயே கிள்ளிவிட்டது. ஹாக்கின்ஸ் அந்த மாதமே 22-க்கு மாறினார். 2022 ஆகஸ்டில் யாங்கீஸ் 21-க்கு முறைப்படி ஓய்வு கொடுத்தது, ஓ'நீலின் பெயரில்.

ஒரு எண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டால் அந்த அணியில் இனி யாரும் அதை அணிய முடியாது. அமெரிக்க பேஸ்பாலில் ஒரு கிளப் தன் வீரருக்குத் தரும் உச்சபட்ச கௌரவம் இதுதான். கௌரவிப்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. அதற்காக ஒரு எண்ணை ஆட்டத்திலிருந்தே எடுத்துவிட வேண்டுமா என்பதுதான் கேள்வி. தேவையில்லை என்பது என் கட்சி.

வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1929-ல் யாங்கீஸ் தன் வீரர்களுக்கு எண் கொடுத்தபோது, பேட்டிங் வரிசையில் மூன்றாவதாக இறங்கிய பேப் ரூத்துக்கு 3, நான்காவதாக இறங்கிய லூ கெரிக்குக்கு 4 கிடைத்தது. தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் ஆடிய கெரிக், நரம்பு மண்டலத்தை அழிக்கும் கொடிய நோயால் 1939-ல் ஒதுங்க நேர்ந்தது. மேஜர் லீக் வரலாற்றில் முதன்முதலாக ஓய்வு பெற்ற எண் அவருடைய 4. யாங்கீஸ் அடுத்து ஓய்வு கொடுத்தது ரூத்தின் 3-க்கு, 1948 ஜூனில். புற்றுநோயால் உருக்குலைந்திருந்த ரூத் அந்த விழாவுக்கு வந்துபோன இரண்டே மாதத்தில் இறந்துபோனார். ஆக, சாவை எதிர்கொண்டிருந்த இரண்டு பேருக்குக் கொடுத்த பிரியாவிடையாகத்தான் யாங்கீஸில் இந்த வழக்கம் தொடங்கியது.

ரூத் அணியை விட்டுப் போனது 1935-ல். நடுவிலிருந்த 13 ஆண்டுகளும் 3-ம் எண்ணை மற்றவர்கள் அணிந்தார்கள். ரூத்தின் இடத்துக்கும் எண்ணுக்கும் வந்த ஜார்ஜ் செல்கிர்க் இரண்டு முறை ஆல்-ஸ்டார் அணிக்குத் தேர்வானார், ஐந்து உலகத் தொடர் பட்டங்களில் பங்கு பெற்றார். அதனால் ரூத்தின் புகழில் ஒரு கடுகளவுகூடக் குறைந்துவிடவில்லை.

பிறகு பிரியாவிடை மெல்ல மெல்ல நீண்டகால சேவைக்கான விருதாக மாறியது. 2017-ல் டெரிக் ஜீட்டரின் 2-க்கு ஓய்வு கொடுத்ததோடு, யாங்கீஸில் 1 முதல் 9 வரை எல்லா எண்களும் தீர்ந்தன. மொத்தக் கணக்கு இருபதைத் தாண்டிவிட்டது. ஒற்றை இலக்கத்தில் மிஞ்சியது பூஜ்யம் ஒன்றுதான். அதையும் 2019-ல் ஆடம் ஒட்டவீனோ வாங்கிப் போட்டுக்கொண்டார். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் தன் முதலாளி ஆகஸ்ட் புஷ்ஷின் 85-வது பிறந்தநாளுக்கு 85-ஐ ஓய்வுக்கு அனுப்பியது. வாழ்நாளில் ஒரு பந்துகூட அந்த அணிக்காக வீசாதவர் அவர்! கிளீவ்லேண்ட், தொடர்ந்து 455 ஆட்டங்களுக்கு டிக்கெட் விற்றுத் தீர்த்த ரசிகர்களைப் பாராட்டி 455-க்கு ஓய்வு கொடுத்தது. இது ஒன்றுதான் எனக்குப் பிடித்த ஓய்வு. அந்த எண்ணை யாரும் கேட்கப்போவதில்லை.

விதி வகுத்துப் பார்த்த அணிகளும் தப்பவில்லை. ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றிருக்க வேண்டும், பத்தாண்டு ஆடியிருக்க வேண்டும், கடைசி ஆட்டத்தையும் எங்களுக்காகவே ஆடியிருக்க வேண்டும் என்று பாஸ்டன் ரெட் சாக்ஸ் கறாராக இருந்தது. கேட்சர் கார்ல்டன் ஃபிஸ்க் கடைசியாக ஆடியதோ சிகாகோவுக்கு. என்ன செய்தார்கள்? அவரை அணி நிர்வாகத்தில் ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டு, "எங்களிடம்தான் முடித்தார்" என்று கணக்கை நேர் செய்து, 2000-ல் 27-க்கு ஓய்வு கொடுத்தார்கள்.

இப்படியே போனால் எண்களுக்குப் பஞ்சம் வரும் என்று சிலர் எச்சரிக்கிறார்கள். அந்த வாதத்தில் பெரிய வலு இல்லை. ஆட்டத்துக்கான பட்டியலில் இருப்பது 26 பேர். பயிற்சி முகாமுக்கு அறுபதுக்கு மேல் வந்தாலும் எப்படியோ சமாளித்துவிடலாம். உண்மையான நஷ்டம் வேறு. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு எண்ணைக் கைமாற்றும் வாய்ப்பு அடைபட்டுப்போகிறது.

அந்த வாய்ப்பு திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு சியாட்டில் மரைனர்ஸ் சாட்சி. அங்கே 51 என்றால் முதலில் ராண்டி ஜான்சன். ஆறடி பத்து அங்குல உயரம், பேட்டர்களை நடுங்கவைத்த இடது கை வேகம். 1998-ல் அவர் வேறு அணிக்குப் போனார். அந்தக் கையோடு 51-ஐப் பூட்டியிருந்தால் அப்போது யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பூட்டவில்லை. 2001-ல் ஜப்பானிலிருந்து வந்த இச்சிரோ சுசுகிக்கு, அங்கே அவர் அணிந்த அதே 51 கிடைத்தது. அந்த எண்ணுக்கு இழுக்கு வர விடமாட்டேன் என்று ஜான்சனுக்கே செய்தி அனுப்பினார் இச்சிரோ. முதல் ஆண்டிலேயே சிறந்த புதுமுகம், மதிப்புமிக்க வீரர் என இரண்டு விருதுகளையும் தட்டிச் சென்றார். 2004-ல் ஒரே சீசனில் 262 ஹிட் அடித்துச் சாதனை படைத்தார். 2025-ல் இச்சிரோவுக்காக 51-க்கு ஓய்வு கொடுத்த மரைனர்ஸ், அடுத்த ஆண்டு அதே எண்ணில் ஜான்சனையும் கௌரவிப்பதாக அறிவித்தது. பூட்டாமல் விட்டதால்தான் ஒரே எண்ணில் இரண்டு காவியங்கள்.

சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஒரு படி மேலே போனது. வெனிசுலா தந்த மாபெரும் ஷார்ட்ஸ்டாப் லூயிஸ் அபரிசியோவின் 11, 1984 முதல் ஓய்வில் இருந்தது. 2010-ல் அந்த அணியில் சேர்ந்த ஓமர் விஸ்கெலும் வெனிசுலாக்காரர், அவரும் ஷார்ட்ஸ்டாப். அபரிசியோவின் சம்மதத்தோடு விஸ்கெல் 11-ஐ அணிந்து ஆடினார். சுவரில் தொங்கிய எண்ணைவிட அந்த சீசனில் களத்தில் ஓடிய எண்தான் அபரிசியோவைப் பற்றி அதிகம் பேசவைத்தது.

எல்லாவற்றுக்கும் மேலான சாட்சி 42. நிறவெறிச் சுவரை உடைத்து 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளினில் களமிறங்கிய ஜாக்கி ராபின்சனின் எண். ஐம்பதாவது ஆண்டில், 1997-ல், எல்லா அணிகளிலும் அதற்கு ஓய்வு அறிவித்தார் ஆணையர் பட் சீலிக். ஏற்கெனவே அணிந்திருந்தவர்கள் மட்டும் தொடரலாம் என்றார். அவர்களில் கடைசியாக விடைபெற்றவர் யாங்கீஸின் மரியானோ ரிவேரா, 2013-ல். ஆனால் அதற்குள்ளேயே பூட்டு தளர்ந்துவிட்டது. 2007-ல் கென் கிரிஃபி ஜூனியர், ஏப்ரல் 15 அன்று ஒருநாள் மட்டும் 42 அணிய அனுமதி கேட்டார். சீலிக் சம்மதித்தார், பலரும் சேர்ந்துகொண்டார்கள். 2009 முதல் அந்த நாளில் மேஜர் லீக் வீரர்கள் எல்லோருமே 42. இன்று ராபின்சனை நினைவூட்டும் நாள், எண்ணைத் தூக்கி வைத்த நாள் அல்ல. எல்லோரும் எடுத்து உடுத்தும் நாள். நினைவை உயிரோடு வைத்திருப்பது உடுத்துவதுதான் என்று லீக்கே ஒப்புக்கொண்ட மாதிரிதான் இது.

எதிர்வாதமும் பொருட்படுத்த வேண்டியதே. ஜாம்பவானின் எண்ணை அணியும் இளைஞன் தலையில் எவ்வளவு பாரம்! 2017-ல் கொழும்பில் தன் முதல் ஒருநாள் கிரிக்கெட் போட்டியில் 10 அணிந்து வந்த ஷர்துல் தாக்கூரை சச்சின் ரசிகர்கள் சமூக வலைதளங்களில் வறுத்தெடுத்தார்கள். அவர் 54-க்கு மாறிக்கொண்டார். ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது? எண் ஒருவரின் தனிச்சொத்து என்ற நினைப்பிலிருந்து. ஒவ்வொரு ஓய்வு விழாவும் அந்த நினைப்புக்கு எண்ணெய் ஊற்றுகிறது. தவிர, மனிதர்கள் எண்களைப் போல மாறாமல் இருப்பதில்லை. ராபர்ட்டோ அலோமரின் 12-க்கு 2011-ல் ஓய்வு கொடுத்த டொராண்டோ, 2021-ல் பாலியல் அத்துமீறல் புகார் மீதான விசாரணைக்குப் பின் லீக் அவரைத் தடை செய்ததும், மைதானத்தில் தொங்கிய பேனரைக் கழற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே சுவரில் பெயரைப் பொறியுங்கள், சிலை வையுங்கள், விழா எடுங்கள். எண்ணை மட்டும் விட்டுவிடுங்கள். விரும்பிக் கேட்கும் வீரனுக்கு, மூத்தவர் இருந்தால் அவர் வாழ்த்தோடு கொடுங்கள்.

யாங்கீஸுக்கு இதற்கான சோதனை காத்திருக்கிறது. பயிற்சி முகாமில் இளைஞர்களுக்குத் தள்ளிவிடும் பெரிய எண்களில் ஒன்றுதான் ஆரன் ஜட்ஜுக்குக் கிடைத்த 99. அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை. 2022-ல் அதே ஜெர்ஸியில் 62 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீக் சாதனையை முறியடித்தார். அவர் விடைபெறும் நாளில் 99-ஐ மூடிவிடுவார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மூடக் கூடாது. யாருக்கும் வேண்டாத எண்ணை ஒருவர் இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோக முடியும் என்றால், அடுத்த முகாமில் பெயர் தெரியாத ஒரு பையன் அதை மாட்டிக்கொண்டு வரட்டும். ஜட்ஜுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.