மூன்றில் ஒரு பங்கு எதற்கு?

"பின்வரும் பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதி, தகுந்த தலைப்பு இடுக." தமிழ் வினாத்தாளில் நெடுநாளாக இருக்கும் கேள்வி. மேல்வகுப்புப் பயிற்சிதான், ஆனால் அதன் நிழல் நான்காம், ஐந்தாம் வகுப்பு வரை விழுகிறது. 'சுருக்கம்னா சொல்லைக் குறைக்கிறது' என்ற எண்ணம் அங்கேயே பதிந்துவிடுகிறது. அந்த எண்ணத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. கதையையும் பாட்டையும் விட்டுவிட்டு, தகவல் சொல்லும் உரைநடையை மட்டும் பார்ப்போம்.

கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயமாகவே எடுப்போம். ஒரு பத்தி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

பெரியாறு மேற்கே ஓடிக் கடலில் கலந்தது. மலைக்குக் கிழக்கே மழை குறைவு, நிலம் வாடியது. 1886-இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. பென்னிகுவிக் தலைமையில் அணை 1895-இல் முடிந்தது. தேங்கிய நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பி, வைகையில் சேர்கிறது.

சொல்லை எண்ணிப் பழகிய பிள்ளை இப்படி எழுதும்: "1886-இல் 999 ஆண்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. பென்னிகுவிக் தலைமையில் அணை 1895-இல் முடிந்தது." அளவு சரி, பிழை இல்லை, மதிப்பெண்ணும் விழும். ஆனால் பத்தியின் உயிர் போயிடுச்சு. ஆறு மேற்கே போனதும் இல்லை, கிழக்கே திரும்பியதும் இல்லை, ஏன் திருப்பினார்கள் என்பதும் இல்லை.

இதையே வாயால் கேட்டால்? "அந்தப் பக்கம் போன தண்ணிய மலையக் கொடஞ்சு நம்ம பக்கம் திருப்பிட்டாங்க, இங்க மழை கம்மில்ல." இதுதானே சுருக்கம்! ஆண்டு இல்லை, பெயர் இல்லை. காரணமும் விளைவும் இருக்கிறது.

ஆன் பிரவுன், ஜீன் டே இருவரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் தேவையற்றதை நீக்கிவிட்டு, மிச்சத்தை அப்படியே படியெடுத்துவிடுகிறார்கள். பலவற்றை ஒரே சொல்லில் அடக்குவதும், பத்தியில் இல்லாத மையக் கருத்தைத் தானே சொற்களில் அமைப்பதும் வெகு தாமதமாகத்தான் கைகூடுகிறது. அப்படியிருக்க, 'மூன்றில் ஒரு பங்கு' என்பது பிள்ளைக்கு ஏற்கெனவே கைவந்த நீக்கலுக்கு மட்டும்தான் பரிசு கொடுக்கிறது. அடுத்த படிக்கு ஏற்றுவதில்லை.

நம் மரபும் இதற்கு எதிராகத்தான் நிற்கிறது. நூலின் அழகு பத்தில் நன்னூல் சுருக்கத்தை முதலில் வைக்கிறது. தெளிவை அதற்கு அடுத்தே வைக்கிறது. குற்றம் பத்தில் முதலாவது என்ன தெரியுமா? குறைபடச் சொல்வது. சுருக்குவதும் குறைப்பதும் ஒன்றல்ல என்று பவணந்தி எப்போதோ பிரித்துவிட்டார்.

எதை வைத்துக்கொள்வது என்பது யாருக்காகச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. முதல்போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் செய்தி பேப்பரில் வருகிறது. மேலே விருந்தினர் பெயர்கள். கீழே 14,707 ஏக்கர், எத்தனை நாளைக்கு, வினாடிக்கு எத்தனை கன அடி. வயல் வைத்திருக்கும் அப்பா "என்னப்பா போட்டிருக்கு?" என்று கேட்டால், பிள்ளை விருந்தினர் பட்டியலையா சொல்லும்? பெரியாற்றுப் பத்தியில் விட்டுவிடக்கூடிய எண்கள், இங்கே செய்தியின் உயிராகின்றன. இதை எந்தச் சொல் கணக்கும் கற்றுத்தராது.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கு. ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்பு, திருத்த வேண்டிய நோட்டுக் கட்டு. எண்ணிப் பார்த்து மதிப்பெண் போடுவது சுலபம், தகராறும் வராது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் முதல் கவலையும் பிள்ளை வாசிக்கணும் என்பதுதான், அதுவும் சரிதான். ஆனால் வாசித்ததை வைத்து என்ன செய்வது என்ற கேள்வி அடுத்து வந்தே தீரும்.

என் யோசனை சின்னதுதான். எழுதுவதற்கு முன் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். "என்ன நடந்துச்சு? எதனால? அதனால என்ன ஆச்சு?" என்று மூன்றே கேள்வி. ஊர்ப்பேச்சிலேயே பதில் வரட்டும், திருத்த வேண்டாம். பிறகு புத்தகத்தைத் திறந்து, பத்தியில் இல்லாதது எதுவும் நுழைந்துவிட்டதா என்று பிள்ளைகளே சரிபார்க்கட்டும். பென்னிகுவிக் சொத்தை விற்று அணை கட்டினார் என்ற ஊர்க்கதை கட்டாயம் எட்டிப்பார்க்கும்! மெய்யோ பொய்யோ, பத்தியில் இல்லாதது சுருக்கத்தில் வரக்கூடாது. அதற்கப்புறம் எழுத்துத் தமிழில் இரண்டு வரி. ஐந்து மதிப்பெண் என்றால் மூன்றைக் காரணத்துக்கும் விளைவுக்கும் கொடுங்கள். அளவுக்கு ஒன்று போதும்.