சாம்பலில் எத்தனை அடுக்கு?

எண்ணூர் முகத்துவாரத்தில் விடிகாலையில் எடுத்த படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். முதல் பதில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "நல்லாத்தான் இருக்கு, ஆனா மங்கலா இருக்கே, கொஞ்சம் ப்ரைட் பண்ணேன்." சொன்னவரைக் குறை சொல்ல முடியாது. கல்யாண ஆல்பமும் நகைக்கடை விளம்பரமும் பழக்கிவிட்ட கண் நம்முடையது. கறுப்பு கருகருவென்றும் வெள்ளை பளீரென்றும் இருந்தால்தான் நமக்குப் படம். சினிமா காட்டும் வட சென்னையும் அப்படித்தான்: கரும் நிழல், சிவப்பு, வேர்வை மினுமினுக்கும் தோள். மார்கழி, தை மாதக் காலையில் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிறவர் பார்ப்பது வேறு ஊர். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத, ஒரே சாயலில் தோய்ந்த ஊர். கான்ட்ராஸ்ட் குறைந்த படங்கள் பிடிப்பது அதைத்தான். அவற்றைப் பார்க்கக் கொஞ்சம் பழகவேண்டும்.

முதலில் படத்தில் ஆகக் கறுப்பான இடத்தைத் தேடுங்கள். அனேகமாக அது அருகில் கட்டியிருக்கும் ஃபைபர் படகின் விளிம்பாகவோ, கரையில் குவித்த வலையாகவோ இருக்கும். அங்கிருந்து பின்னால் போங்கள். அலையாத்திப் புதர்கள் ஒரு படி வெளுப்பு. ஆற்றுக்குள்ளேயே கால் ஊன்றி நிற்கும் உயர் அழுத்த மின்கோபுரங்கள் இன்னொரு படி. அவற்றுக்கும் பின்னால் குளிரூட்டும் கோபுரங்களும் புகைபோக்கிகளும், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு. அடுக்குகளை எண்ணுங்கள். நல்ல படத்தில் முதல் பார்வையில் மூன்று தெரியும், நின்று பார்த்தால் ஐந்தாறு வரும்.

இந்த வெளுப்புக்குக் கணக்கு உண்டு. நமக்கும் தொலைவில் உள்ள பொருளுக்கும் நடுவில் இருக்கும் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. தூரம் கூடக்கூட அந்தச் சிதறிய ஒளி பொருளின் மேல் படிந்துகொண்டே போகும். கறுப்புப் பொருளுக்கும் அதன் பின்னுள்ள வானத்துக்கும் வித்தியாசம் 2 சதவீத அளவுக்குக் குறைந்துவிட்டால் கண் அதைக் கைவிட்டுவிடுகிறது. 1924ல் ஜெர்மானியர் கோஷ்மீடர் இதைச் சூத்திரமாக எழுதினார். ஆக, படத்தில் உள்ள ஒவ்வொரு சாம்பல் சாயலும் ஒரு தூரம். பளிச்சென்ற படத்தில் ஒரு கிலோமீட்டரும் ஐந்து கிலோமீட்டரும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மங்கலில்தான் எண்ணூருக்கு ஆழம் கிடைக்கிறது.

புகைபோக்கியைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். 200 மீட்டரைத் தாண்டும் உயரம். விமானங்களுக்காகச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருப்பார்கள். மங்கல் சரியான அளவில் இருக்கும் நாளில் வெள்ளைப் பட்டைகள் வானத்தோடு கரைந்துபோகும். சிவப்புப் பட்டைகள் மட்டும் வெளிறி, ஒன்றையொன்று தொடாமல் அந்தரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். புகைபோக்கியின் அடி எங்கே என்றே தெரியாது. இதைப் பார்த்த பிறகு வேறு எந்தப் படத்திலும் கண் முதலில் அங்கேதான் போகும்.

அடுத்து, புகை எந்தப் பக்கம் சாய்கிறது? முகத்துவாரத்துப் பாலத்தருகே நின்று வடக்கே பார்த்து எடுத்த படம் என்றால், வட சென்னை அனல்மின் நிலையம் எதிரே, கடல் வலக்கைப் பக்கம். புகை வலப்பக்கம் சாய்ந்தால் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று, பெரும்பாலும் விடிகாலை. இடப்பக்கம் சாய்ந்தால் கடற்காற்று ஏறிவிட்டது, நேரம் உச்சியை நெருங்குகிறது அல்லது தாண்டிவிட்டது. எங்கும் சாயாமல் கொஞ்சம் ஏறி, ஒரு கூரையில் முட்டியது போலத் தட்டையாகப் பரந்தால், மேலே சூடான காற்று மூடி போட்டு உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். குளிர்காலத்து அமைதியான இரவுகளுக்குப் பின் இது நடக்கும். மங்கல் அடர்ந்து கிடக்கும் காலைகளும் அவைதான்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் புகை இல்லை என்பதையும் கவனிக்கவேண்டும். இடுப்பு குறுகிய பெரிய கோபுரத்திலிருந்து பொதிபொதியாக வருவது நீராவி; கொஞ்ச தூரத்திலேயே காணாமல் போகும். ஒல்லியான புகைபோக்கியிலிருந்து வருவது நீளமாக இழுபடும், சற்றுப் பழுப்பு. தண்ணீரை ஒட்டித் தவழ்வது பனி, வெயில் ஏறினால் போய்விடும். ஒரு கிலோமீட்டருக்குள் எதுவும் தெரியாவிட்டால்தான் வானிலைத் துறைக்கு அது மூடுபனி. எண்ணூரின் மங்கல் பெரும்பாலும் மூடுபனி இல்லை. கடல் உப்பு, ஈரம், கன்டெய்னர் லாரிப் புழுதி, நிலக்கரி எரிந்த துகள் எல்லாம் சேர்ந்த ஒரு கலவை. கொசஸ்தலை ஆற்றின் ஓரத்தில் அனல்மின் நிலையக் குழாய் கசிந்து படிந்த சாம்பல், ஈரத்தில் கருஞ்சாம்பலாகவும் காய்ந்தால் வெளிறியும் இருக்கும். காய்ந்ததைக் காற்று தூக்கும். போகியன்று இதோடு டயரும் பாயும் எரிந்த புகையும் சேரும். 2018 போகியில் மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் தவித்தன.

அப்படியென்றால் ரசிப்பது நியாயமா? இந்தக் கேள்விக்கு வயது நூறுக்கு மேல். 1899க்கும் 1901க்கும் இடையில் லண்டன் போய் ஓட்டல் ஜன்னலிலிருந்து தேம்ஸ் பாலங்களை வரைந்த மோனே, அந்த ஊரின் மூட்டத்துக்காகவே போனவர். அதில் பெரும்பங்கு நிலக்கரிப் புகை. டர்னர், மோனே இருவரின் ஓவியங்களில் ஆண்டுகள் போகப்போக விளிம்புகள் கரைந்ததும் வெளுப்பு கூடியதும் அக்காலத்து மாசு அளவோடு ஒத்துப்போகிறது என்று 2023ல் ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் அழகைக் கற்பனை செய்தார்கள் என்று நினைத்திருந்தோம். கண்ணில் பட்டதைத்தான் வரைந்திருக்கிறார்கள். அந்த ஓவியங்கள் எனக்கு இப்போது முன்னைவிடப் பிடிக்கின்றன. எண்ணூர்ப் படங்களையும் அப்படியே பார்க்கலாம். சாம்பல் நிறம் எதனால் ஆனது என்று தெரிந்துகொண்டு பார்ப்பதால் ரசனை குறைவதில்லை. தெரியாத மாதிரி நடிப்பதுதான் சகிக்கவில்லை.

இங்கிலாந்தின் ராட்கிளிஃப் அனல்மின் நிலையத்தைப் புகைப்படக்காரர் மைக்கேல் கென்னா 1980களிலிருந்து பல ஆண்டுகள் படமெடுத்தார். கறுப்பு வெள்ளை, நீண்ட எக்ஸ்போஷர், புகையே பஞ்சாகிவிடும். அந்த நிலையம் 2024 செப்டம்பரில் மூடப்பட்டது. அதோடு அந்த நாட்டில் நிலக்கரி மின்சாரம் முடிந்தது. அபாரமான படங்கள். ஆனால் அவற்றில் ஆள் கிடையாது. நம் ஊரில் அது சரிப்படாது என்பது என் கட்சி. எம். பழனிகுமாரின் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏன் என்று தெரியும். மதுரையில் மீன் விற்கும் தாயின் மகன், 'கக்கூஸ்' ஆவணப்படத்தில் கேமரா பிடித்தவர், 'பாரி' தளத்தின் புகைப்படக் கலைஞர். காமராஜர் துறைமுகப் பக்கம் ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை அவர் எடுத்திருக்கிறார். இரண்டு கையும் தண்ணீருக்குள்; பனையோலைக் கூடை பல்லிடுக்கில். அவர் படங்கள் எல்லாமே மங்கல் வகை இல்லை. ஆனால் மங்கலை எங்கே வைக்கவேண்டும் என்று அவரிடம் கற்றுக்கொள்ளலாம்: பின்னால். முன்னால், அதற்குள் இறங்கி வேலை செய்யும் ஒருவர்.

பழைய படங்களைப் பார்க்கும்போது ஒரு குறிப்பு. 1970ல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017ல் மூடப்பட்டது. அதன் புகை படத்தில் இருந்தால் அதற்கு முந்திய படம்.

மங்கலைச் சரிசெய்யும் ஆசை இன்றைய நோய் மட்டுமல்ல. 1850களில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், வெறும் வெள்ளையாக விழுந்த வானத்தில் மேகம் வேண்டும் என்று நெகட்டிவிலேயே கைவேலை செய்தவர். 2015ல் லைட்ரூம் மென்பொருளில் மங்கலை நீக்கும் 'டீஹேஸ்' வந்த பிறகு அந்த வேலை ஒரு இழுப்பில் முடிகிறது. போனோ நம்மைக் கேட்காமலே செய்துவிடுகிறது. எச்டிஆரை அணைத்துவிட்டு எடுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் மங்கல் பாதி மறையும். சூரியனைப் பார்த்து, அதாவது காலையில் கடலைப் பார்த்து நின்றால், எல்லாம் ஒளியில் ஊறிவிடும். பார்ப்பதற்கும் ஒரு யோசனை: போன் வெளிச்சத்தைக் குறையுங்கள், முடிந்தால் பளபளப்பில்லாத தாளில் அச்சிட்டுப் பாருங்கள். மெல்லிய சாயல் வேறுபாடுகள் கண்ணாடித் திரையின் எதிரொளியில் தொலைந்துவிடும்.

நேரில் பார்க்க ஆசைப்பட்டால் காசிமேட்டில் இருட்டோடு தொடங்குங்கள். ஏலக் கூட்டத்துக்கு மேலே எரியும் விளக்குகளைச் சுற்றி வரும் வட்டம் அன்றைய காற்றில் எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடும். வட்டம் பெரிதாக இருந்தால் உடனே வண்டியை எடுத்து வடக்கே விடுங்கள். விடிவதற்குள் முகத்துவாரம் போய்ச் சேரவேண்டும். நெடுஞ்சாலையில் லாரிகள் வழிவிடாது, அதற்கும் நேரம் வையுங்கள். பாலத்தில் ட்ரைபாட் வைத்தால் ஒவ்வொரு லாரிக்கும் அதிரும், எனவே கரையில் இறங்கி நில்லுங்கள். வலை இழுப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள். கேமராக்களை நிறையப் பார்த்தவர்கள், கேட்டால் எந்தப் பக்கம் சேறு உள்வாங்கும் என்றும் சொல்லுவார்கள். வெயில் ஏறி, புகைபோக்கியின் வெள்ளைப் பட்டைகள் தனியாகத் தெரிய ஆரம்பித்துவிட்டால் அன்றைய கதை முடிந்தது. திரும்பும் வழியில் காசிமேட்டில் மிச்சம் இருக்கிற மீனை வாங்கிக்கொள்ளலாம், பேரம் பேசத் தெரிந்தால்.